ஐடி வேலையை விட்டு முழுநேர ஓவியம்: ஸ்டுடியோ சேலத்துலயா, ஏற்காட்டுலயா?

கரிக்கோல்:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 37. பெங்களூர்ல 13 வருஷ சர்வீஸ். வர்ற மார்ச்சோட வேலையை விட்டுட்டு சேலம் வந்து முழுநேரமா எண்ணெய் வண்ணத்துல வரையறதா முடிவு பண்ணியிருக்கேன். கல்லூரியில படிச்சது இல்ல, அஞ்சு வருஷமா சனி, ஞாயிறுல நானே கத்துக்கிட்டதுதான். வீட்டுக்காரருக்கு சேலத்துலயே வேலை, அவருக்கும் சம்மதம். பொண்ணு மூணாம் வகுப்பு.

அஸ்தம்பட்டி வீட்டு மாடியில 10க்கு 14 அடி அறை காலியா இருக்கு, வடக்குப் பார்த்த ஜன்னல். ஏற்காட்டுல சித்தப்பாவோட சின்ன ஓட்டு வீடும் பூட்டித்தான் கிடக்கு. மனசு ஏற்காடுன்னுதான் சொல்லுது. வரைய நினைக்கிறதும் அந்த மலையைத்தான்.

எனக்குத் தெரிய வேண்டியது: ஸ்டுடியோ எங்க வெச்சா நல்லது? ரெடிமேட் கேன்வாஸ் கட்டுப்படியாகல, துணி வாங்கி நானே தயார் பண்ண முடியுமா? கையில எவ்வளவு பணம் இருந்தா வேலையை ராஜினாமா பண்ணலாம்? வாத்தியார் இல்லாம தப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறது? அனுபவம் உள்ளவங்க விவரமா சொல்லுங்க.

மலையடிவாரம்:

ஏற்காட்டுக்குப் போய் வரைங்க மேடம், பத்து நாள் தங்கியும் வரைங்க. ஆனா படத்தை அங்க வெச்சுட்டு வராதீங்க. ஸ்டுடியோ அஸ்தம்பட்டி மாடிதான்.

சேலம் கடல் மட்டத்துக்கு மேல சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500. அந்த உயரத்துக்கே 7, 8 டிகிரி குறையும். எண்ணெய் வண்ணம் தண்ணி மாதிரி ஆவியாகிக் காயறதில்ல. அதுல இருக்கிற ஆளி விதை எண்ணெய் காத்துல உள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகுது. குளிர்ல அந்த வேலை மந்தமாகும். கீழ மூணு நாள்ல தொட்டா ஒட்டாத மெல்லிய பூச்சு, மேல மழை மாசத்துல வாரம் தாண்டியும் ஒட்டும். இது பொறுத்துக்கக்கூடியது. பூஞ்சணம் அப்படி இல்ல. ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல நாள்கணக்கா நின்னா போதும், துணியோட பின்பக்கத்துல மிளகுத்தூள் தூவின மாதிரி புள்ளி விழும். முன்பக்கம் தெரியறதுக்குள்ள நூல் கெட்டுப் போயிருக்கும். பூட்டிக் கிடக்கிற ஓட்டு வீட்டுல சுவத்தோட சாய்ச்சு வெச்ச படத்துக்கு முதல்ல வர்றது அதுதான்.

மேல தங்கும்போது ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்கி அறையில வைங்க. படத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல ரெண்டு அங்குலம் இடைவெளி, கீழ மரக்கட்டை. பாலித்தீன்ல சுத்தாதீங்க, ஈரம் உள்ளயே மாட்டிக்கும். முழுசா காயாத படத்துமேல பப்பிள் ரேப் சுத்தினா அந்தக் குமிழி வட்டம் வட்டமா பெயிண்ட்ல பதிஞ்சுடும், அதை எடுக்கவே முடியாது. ஏற்காட்டுல இருக்கிறப்ப வார்னிஷ் அடிக்கவே கூடாது. ஈரக் காத்துல வார்னிஷ் போட்டா பால் மாதிரி வெளுத்துப் போகும். கீழ கொண்டு வந்து, வெயில் அடிக்கிற நாள்ல, படம் வரைஞ்சு ஆறு மாசமாவது ஆன பிறகு போடுங்க. திக்கா பூசியிருந்தா ஒரு வருஷம்.

மலையில வரையறதுக்கு நான் துணியைவிடப் பலகையைத்தான் சொல்வேன். மரத்தூளை அழுத்திச் செஞ்ச எம்.டி.எஃப். பலகை வேண்டாம், ஓரம் ஈரத்தை உறிஞ்சி ஊதிடும். கடை போர்டு செய்யறவங்ககிட்ட ஏ.சி.பி. ஷீட் வெட்டின துண்டு கிடைக்கும். ரெண்டு பக்கம் அலுமினியத் தகடு, நடுவுல பிளாஸ்டிக், 3 மி.மீ. கனம். சுருங்காது, வளையாது, பூஞ்சணத்துக்கும் அங்க வேலை இல்ல. பாதுகாப்பு ஃபிலிமை உரிச்சுட்டு, 220 நம்பர் உப்புத்தாள் போட்டு அந்த மினுமினுப்பு முழுசா போற வரைக்கும் தேய்ங்க. ஸ்பிரிட்ல துடைச்சுட்டு அக்ரிலிக் ஜெஸ்ஸோ, அதாவது வண்ணத்துக்கு அடியில போடுற வெள்ளைப் பூச்சு, ரெண்டு கை (ரெண்டு தடவை) பூசுங்க. கட்டடத்துக்கு வெளிப்பக்கம் ஒட்டுற பி.வி.டி.எஃப். பூச்சு ஷீட்டா இருந்தா வாங்காதீங்க, அதுல எதுவுமே ஒட்டாது. ஜெஸ்ஸோ காய்ஞ்ச மறுநாள் செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்குன்னு இழுத்துப் பாருங்க. வெள்ளை டேப்போட வந்தா தேய்ச்சது பத்தலைன்னு அர்த்தம்.

ஈரப் படத்தோட 20 கொண்டை ஊசி வளைவு இறங்கணுமே, அதுக்கு ஒரு வழி. ஒரே அளவு பலகை ரெண்டை எடுத்து, முகத்துக்கு முகம் வெச்சு, நாலு மூலையிலயும் நடுவுல கார்க் துண்டு கொடுத்து, வெளிய ரெண்டு ரப்பர் பேண்ட் போட்டுடுங்க. மூலையில மட்டும் புள்ளி படும், வீட்டுக்கு வந்து சரி பண்ணிக்கலாம்.

வடக்கு ஜன்னல்னு சொன்னீங்க. அதுல ஒண்ணு கவனிங்க. வடக்கு வெளிச்சம் மாறவே மாறாதுன்னு புத்தகங்கள்ல எழுதியிருக்கிறது ஐரோப்பாவுக்குச் சரி. சேலம் 11.6 பாகை அட்சத்துல இருக்கு. ஏப்ரல் மூணாம் வாரத்துல இருந்து ஆகஸ்ட் மூணாம் வாரம் வரைக்கும் நம்ம உச்சி வெயிலே தலைக்கு வடக்கால போகும். அந்த நாலு மாசமும் காலையிலயும் சாயங்காலமும் உங்க ஜன்னல் வழியா நேர் வெயில் படம் வைக்கிற தாங்கி (ஈசல்) மேல விழும். ஜன்னலுக்கு வெளிய வெள்ளைக் காடா துணி ஒரு திரை கட்டுங்க. மேகமூட்டத்துக்கும் ராத்திரிக்கும் 5000 கெல்வின் (பகல் வெளிச்ச நிறம்), சி.ஆர்.ஐ. (நிறத்தை எவ்வளவு சரியா காட்டும்னு சொல்ற எண்) 90க்கு மேல உள்ள எல்.இ.டி. குழல்விளக்கு ரெண்டு. பெட்டியில அந்த எண் போட்டிருக்கும், பார்த்து வாங்குங்க. கேன்வாஸுக்கும் வண்ணம் கலக்குற தட்டுக்கும் (பேலட்) ஒரே விளக்கு படணும். பேலட் மஞ்சள் பல்புக்கு அடியில இருந்தா கலக்குற நிறம் அத்தனையும் தப்பும்.

பாவும் ஊடையும்:

அக்கா, துணி விஷயம் மட்டும் நான் சொல்றேன். சேலத்துல இருந்துக்கிட்டு ரெடிமேட் கேன்வாஸுக்கு ஏன் காசு கொட்டணும்?

சாதாரணக் காடா, பெட்ஷீட் கனம், பயிற்சிக்கு மட்டும்தான். விக்கிற படத்துக்கு டக் துணி கேளுங்க, 10 அவுன்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 340 கிராம் பக்கம். கூடாரத்துக்கும் பைக்கும் போற துணி அது. வாங்கறப்பவே ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க. உருண்டு நின்னா மெழுகோ ரசாயனமோ ஏத்தின துணி, ஜெஸ்ஸோ பிடிக்காது. வேண்டாம்னு வெச்சுடுங்க.

பெரும்பாலானவங்க விட்டுடற விஷயம் கஞ்சி. தறியில ஏத்தறதுக்கு முன்ன நீள வாட்டத்துல போற பாவு நூலுக்குக் கஞ்சி போடுவோம். அது துணியிலயேதான் இருக்கும். பூஞ்சணத்துக்கு அதுதான் சாப்பாடு. மேல ஒருத்தர் சொன்ன புள்ளியெல்லாம் பாதி இந்தக் கஞ்சியாலதான். கொதிக்கிற தண்ணியில பக்கெட்டுக்கு ரெண்டு ஸ்பூன் சலவை சோடா போட்டு ராத்திரி முழுக்க ஊற வெச்சு, மறுநாள் மூணு தண்ணி மாத்தி அலசணும். போயிடுச்சான்னு தெரிய ஒரு சோதனை இருக்கு. மெடிக்கல்ல டிங்சர் அயோடின் வாங்கி, காய்ஞ்ச துணி ஓரத்துல ஒரு சொட்டு வைங்க. பழுப்பாவே இருந்தா சரி. கருநீலமா மாறினா கஞ்சி இன்னும் இருக்கு, திரும்ப ஊற வைங்க.

துவைச்சா சுருங்கும், பாவு வாட்டத்துல அதிகமா. மீட்டருக்கு அஞ்சாறு சென்டிமீட்டர் போகும்னு வெச்சு வாங்குங்க. துவைக்காம சட்டத்துல அடிச்சு ஜெஸ்ஸோ பூசினா, அந்தச் சுருக்கமெல்லாம் சட்டத்து மேல வந்து நாலு மூலையையும் முறுக்கிடும்.

24க்கு 30 அங்குலச் சட்டத்துக்குத் துணி 30க்கு 36. நூல் வாட்டத்துலயே வெட்டுங்க, கோணலா வெட்டினா ஒரு பக்கம் தொய்யும். நாலு பக்கமும் நடுவுல ஒவ்வொரு பின் அடிச்சுட்டு, அங்கிருந்து மூலையை நோக்கி மாத்தி மாத்திப் போங்க. மூலையில ஆரம்பிச்சா சுருக்கு விழும். சட்டத்தோட உள் ஓரம் மூணு மில்லிமீட்டராவது சரிவா செதுக்கியிருக்கணும். இல்லைன்னா பிரஷ் அழுத்துற இடத்துல கட்டையோட கோடு படத்துல தெரியும். 30 அங்குலத்துக்கு மேல போனா குறுக்குக் கட்டை கட்டாயம். மூலையை ஆணி அடிச்சு இறுக்காம, ஆப்பு வைக்கிற மாதிரி செய்யச் சொல்லுங்க. நாளைக்குத் துணி தொய்ஞ்சா ஆப்பைத் தட்டினாலே போதும். ஏற்காட்டுல சில்வர் ஓக் மலிவா கிடைக்குதுன்னு பச்சை மரத்துல சட்டம் போட்டுடாதீங்க, காயக் காயத் திருகும்.

மலையடிவாரம்:

அயோடின் சோதனை அருமை. துணிக்குப் பூச்சு பத்தி நான் சேர்க்கிறேன். தச்சர்கள் போடுற வச்சிரப் பசையைப் பழைய முறைன்னு சிலர் சொல்வாங்க. மலைக்கு அது ஆகாது. ஈரத்துல ஊதி, வெயில்ல சுருங்கி, மேல இருக்கிற எண்ணெய்ப் பூச்சை வெடிக்க வைக்கும். அக்ரிலிக் ஜெஸ்ஸோவே போதும். முதல் கைக்கு மட்டும் அஞ்சுல ஒரு பங்கு தண்ணி. அடுத்தடுத்த கை குறுக்கு வாட்டத்துல, நடுவுல 320 உப்புத்தாள். 24க்கு 30 படத்துக்கு மூணு கைக்கும் சேர்த்து 150–200 மி.லி. ஆகும். முடிச்சு மூணு நாள் விட்டுட்டு எண்ணெய் வண்ணம் தொடுங்க. சுவர் பெயிண்ட்டும் ஃபெவிகாலும் கலந்து பூசுறது பயிற்சிக்குப் பரவாயில்ல, காசு வாங்கிக்கிட்டுக் கொடுக்கிற படத்துக்குக் கூடாது. எண்ணெயை வெறும் பருத்தி தொட்டாலும் நூல் நாளடைவில் பொடிஞ்சுடும். பின்பக்கம் எண்ணெய் ஊறித் தெரிஞ்சா ஜெஸ்ஸோ பத்தலை.

வரவு செலவு:

முதல்ல பணம், பிறகு கொஞ்சம் வேற பேச்சு.

குடும்பத்தின் மாதச் செலவை ஆறு மாத வங்கிக் கணக்கைப் பார்த்து எடுங்கள், மனக்கணக்கு வேண்டாம். உங்கள் சம்பளத்திலிருந்து போகிற பங்கு மட்டும் 35,000 என்று வைத்தால், 24 மாதத்துக்கு 8,40,000. பள்ளிக் கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம், வண்ணம், சட்டம் எல்லாம் அதற்கு மேல். முதல் ஆண்டு ஓவிய வருமானத்தைப் பூஜ்யம் என்றே போடுங்கள்.

13 ஆண்டும் ஒரே நிறுவனம் என்றால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இருந்தால் அதுவும் சேர்த்து, 15ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்கி, 26ஆல் வகுக்க வேண்டும். அடிப்படை 60,000 என்றால் குறைந்தது 4,50,000 வரும். இதை 24 மாதக் கணக்கில் சேர்க்கலாம். பி.எஃப். பணத்தைச் சேர்க்காதீர்கள். அது உங்கள் முதுமைக்கு.

நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு நீங்கள் வேலையை விடும்போதே போய்விடும். கிளம்பும் முன், அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பியுங்கள். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் முதலிலிருந்து ஓடும், மாற்றினால் கழிந்த காலம் கணக்கில் வரும். உங்கள் கணவரின் அலுவலகக் காப்பீட்டில் உங்களையும் பிள்ளையையும் சேர்க்க முடியுமா என்பதையும் இப்போதே கேட்கச் சொல்லுங்கள். கடன் எதுவும் தேவைப்படும் என்றால் சம்பளச் சீட்டு இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

இனி நான் சொல்ல விரும்புவது. மார்ச்சில் முழுதாக விடுவதற்குப் பதில், வாரம் இரண்டு நாள் வேலை கிடைக்குமா என்று பாருங்கள். பூபேன் காக்கர் 1934-ல் பம்பாயில் பிறந்தவர், பட்டயக் கணக்காளர், ஓவியத்தைத் தானாகக் கற்றவர். 1962-ல் பரோடாவுக்குப் போனார். அங்கே பகுதிநேரமாகக் கணக்கு எழுதிக்கொண்டேதான் பல ஆண்டு வரைந்தார். 1984-ல் பத்மஸ்ரீ, 2016-ல் லண்டன் டேட் மாடர்னில் அவருடைய படங்களின் பெருங்கண்காட்சி. பாதிநாள் வேலை அவர் ஓவியத்தைக் குறைத்துவிடவில்லை. வாடகைக்காக வரைய வேண்டிய அவசியம் வந்தால்தான் கை பயப்படும், விற்ற படத்தையே திரும்பத் திரும்ப வரையத் தோன்றும். அந்த நெருக்கடி இரண்டாம் ஆண்டில்தான் வரும் என்பதால் பலரும் முன்கூட்டி யோசிப்பதில்லை.

விலைக்குச் சதுர அங்குலக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 18க்கு 24 என்றால் 432 சதுர அங்குலம், அங்குலத்துக்கு 12 ரூபாய் என்றால் 5,184, சட்டமும் ஃபிரேமும் தனி. எல்லா இடத்திலும் அதே விலை. கேலரி விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கழிவு எடுக்கும். அதற்காக வீட்டில் வந்து கேட்பவருக்குக் குறைத்துக் கொடுத்தால் கேலரி உங்களை மறுபடி கூப்பிடாது.

பெங்களூர் குமார கிருபா சாலையில் ஜனவரியில் நடக்கும் சித்ர சந்தை என்ற ஓவியச் சந்தையில் படங்களை வைக்க நினைத்தால், ஜி.எஸ்.டி. பற்றி ஆடிட்டரிடம் முன்பே கேளுங்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். வெளிமாநில விற்பனைக்கு விதி வேறு.

கரிக்கோல்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஏற்காட்டு ஆசையை மாத்திக்கிட்டேன். மாடி அறைதான். பகுதிநேரம் பத்தி மேனேஜர்கிட்ட திங்கட்கிழமை பேசறேன்.

ஒரு சந்தேகம். ஏற்காட்டுல வரையறப்ப என் படம் எப்பவும் சேறு மாதிரி ஆகுது. பச்சையெல்லாம் பிளாஸ்டிக் மாதிரி இருக்கு, மூடுபனி சாம்பல் பெயிண்ட்டாவே தெரியுது. இன்னொண்ணு, ஒரு ரிசார்ட்ல ரெண்டு பெரிய படம் கேட்டிருக்காங்க. பிறகு அதையே காலண்டர், கப்னு போட்டுக்கலாமாம். ஒத்துக்கலாமா?

அரைநிழல்:

மூடுபனியில் பிழை நிறத்தில் இல்லை, கருமை வெண்மையில். வெயில் நாளில் ஒரு காட்சியில் கும்மிருட்டிலிருந்து பளீர் வெள்ளை வரை பத்துப் படி இருக்கிறது என்றால், ஏற்காட்டின் லேடீஸ் சீட் மலைமுனையிலிருந்து பனி மூடிய சேலத்தைப் பார்க்கும்போது மொத்தம் மூன்று படிதான் இருக்கும். எதிரில் நிற்கும் மரத்துக்கு மட்டும் கருமை உண்டு. நீங்கள் பழக்கத்தில் தூரத்து மலைக்கும் கருமையைக் கொடுத்திருப்பீர்கள். அதனால் பனி சாம்பல் பெயிண்டாக நின்றுவிடும்.

வரையத் தொடங்கும் முன் பேலட்டில் முதலில் பனியையே கலந்துகொள்ளுங்கள்: டைட்டானியம் வெள்ளை நிறைய, அல்ட்ராமரீன் கொஞ்சம், பர்ன்ட் சியன்னா அதிலும் கொஞ்சம். ஒரு எலுமிச்சை அளவு இருக்கட்டும். பிறகு தூரத்தில் உள்ள எந்த நிறத்தைக் கலந்தாலும் அதில் இந்தப் பனியைச் சேர்த்துத்தான் வைக்க வேண்டும். அருகே கால் பங்கு, நடுவில் பாதி, கடைசி மேட்டுக்கு முக்கால் பங்கு. விளிம்புகளைக் காயும் முன் உலர்ந்த தூரிகையால் ஒருமுறை மட்டும் தடவி மங்கலாக்குங்கள். இரண்டாம் முறை தடவினால் அதுவே நீங்கள் சொன்ன சேறு.

பச்சைக்கு டியூப் பச்சையை ஆறு மாதம் தொடாதீர்கள். அல்ட்ராமரீனும் யெல்லோ ஓக்கரும், அல்லது ஐவரி கறுப்பும் ஏதாவது ஒரு மஞ்சளும் போதும். காப்பிச் செடியை உற்றுப் பாருங்கள். இலை கரும்பச்சை, ஆனால் மினுக்கமானது. மேல்பக்கம் வானத்தைக் காட்டும். அந்த மினுக்கத்தை மஞ்சள் கலந்த இளம்பச்சையில் வைத்தால்தான் பிளாஸ்டிக் ஆகிறது. வானத்தின் நீலச் சாம்பலை அப்படியே எடுத்து இலைமேல் வையுங்கள், இலை இலையாகிவிடும். சில்வர் ஓக் அடிமரத்தையும் பழுப்பில் போட்டுவிடாதீர்கள். அது சாம்பல், பாசி படிந்த பக்கம் பச்சைச் சாம்பல், அதில் ஏறும் மிளகுக்கொடிதான் அங்கே கருமை.

வண்ணம் வாங்கும்போது டியூபின் பின்னால் உள்ள நிறமிக் குறியைப் படியுங்கள். அலிசரின் கிரிம்சன் பி.ஆர். 83 வெளிச்சத்தில் வெளிறும். அதற்குப் பதில் பி.வி. 19. வெள்ளையில் பி.டபிள்யூ. 4 என்றிருந்தால் துத்தநாக வெள்ளை கலந்திருக்கிறது. எண்ணெயில் அது நாள்பட நொறுங்கும், அடிப்பூச்சுக்கு ஆகாது. பி.டபிள்யூ. 6 மட்டும் இருப்பதை எடுங்கள்.

வாத்தியார் இல்லாமல் தப்பைப் பிடிக்க மூன்று வழி. படத்தையும் காட்சியையும் மொபைலில் கறுப்பு வெள்ளையாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், பத்தில் எட்டுத் தப்பு அங்கேயே தெரியும். கோட்டுத் தப்புக்குத் தோளுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி வைத்து அதில் படத்தைப் பாருங்கள். மூன்றாவது, எண்ணிக்கை: 6க்கு 8 அங்குலப் பலகை, ஒன்றுக்கு 40 நிமிடம், அதற்கு மேல் வெளிச்சம் மாறிவிடும். நூறு பலகை. எண் போட்டு, தேதி, மணி, வானிலை பின்னால் எழுதுங்கள். அரைகுறையாக நின்றதையும் எண்ணிக்கையில் சேருங்கள், ஏனென்றால் எங்கே நின்றது என்பதுதான் பாடம். முதல் ஆறு மாதம் வேலை நேரத்தில் பாதி கரியும் தாளும் மட்டும். பெரிய கேன்வாஸுக்கு அவசரம் வேண்டாம்.

தோட்டங்கள் தனியார் இடம். பறிப்புக் காலத்தில் போவதாக இருந்தால் மேலாளரிடம் முன்பே கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

வரவு செலவு:

ரிசார்ட் விஷயத்தில் கையெழுத்துப் போடும் முன் நில்லுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாக வரைந்து விற்ற படத்துக்கு உரிமை உங்களுடையதே, வாங்கியவர் ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம், அச்சிட முடியாது. ஆனால் ஒருவர் பணம் கொடுத்துச் சொல்லி வரைய வைத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், 17-ஆம் பிரிவின்படி முதல் உரிமையாளர் அவர்தான். எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் காலண்டர், கப் எல்லாம் இலவசம்.

ஒரே பக்கத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், காலண்டருக்கு இத்தனை பிரதி, இத்தனை ஆண்டு, இந்தத் தொகை, தனியாக. பாதிப் பணம் முன்பணம், கரிக்கோட்டு மாதிரியைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு மாற்றம் ஒருமுறை மட்டும். படம் எந்தச் சுவரில் என்றும் கேளுங்கள். மழை நீர் கசியும் வெளிச்சுவர் என்றால் துணி வேண்டாம், ஏ.சி.பி. பலகையில் வரைந்து கொடுங்கள்.

கரிக்கோல்:

மனசார நன்றி. கடைசியா ஒண்ணு. மாடி அறைக்குப் பொண்ணு ஓடி ஓடி வருவா. டர்பன்டைன், துடைச்ச துணி எல்லாம் எப்படி வெச்சுக்கிறது?

மலையடிவாரம்:

துணிதான் ஆபத்து, பலருக்கும் தெரியாது. ஆளி விதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில போட்டா, அது காயற வேகத்துல தானே சூடாகி, நெருப்பு வைக்காமலே பத்திக்கும். சித்திரை வெயில்ல மாடி அறைன்னா இன்னும் சீக்கிரம். மூடி போட்ட தகர டின்ல பாதி தண்ணி ஊத்தி, வேலை முடிஞ்சதும் துணியை அதுல அமுக்கிடுங்க. குப்பையில போடறதா இருந்தா ஒவ்வொண்ணா பிரிச்சுக் கொடியில விரிச்சு, விறைப்பா காய்ஞ்ச பிறகு.

பிரஷ்ஷை முதல்ல சமையல் எண்ணெயில அலசி, அப்புறம் சோப்புல கழுவினா டர்பன்டைன் பெரும்பகுதி தேவையே இல்ல. தேவைப்படுறதைச் சின்னக் கண்ணாடிப் புட்டியில, இறுக்கின மூடியோட, பொண்ணு கைக்கு எட்டாத அலமாரியில வைங்க. குடிக்கிற தண்ணி பாட்டில்ல மட்டும் எந்தக் காரணத்துக்கும் ஊத்தி வைக்காதீங்க. அழுக்கு டர்பன்டைனை சிங்க்ல கொட்ட வேண்டாம். ரெண்டு நாள் அசையாம விட்டா நிறமி அடியில தங்கிடும், மேல தெளிஞ்சதை ஊத்தித் திரும்பப் பயன்படுத்தலாம். ஜன்னலும் கதவும் ரெண்டும் திறந்திருக்கணும். ஈயம் விஷம், அதனால ஈய வெள்ளை டியூப் ஏதாவது வாங்கி வெச்சிருந்தா, பொண்ணு வளர்ற வரைக்கும் அந்த அறைக்குள்ள வேண்டாம்.